எந்தப் பேட்டரி என்று கருவிக்குச் சொல்லுங்கள்

உள்ளங்கையில் அடங்கும் ஜி.பி.எஸ். கருவியின் அமைப்புப் பட்டியலை ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கும் பொறுமை உடையவர்கள், திரையின் வெளிச்சம் எவ்வளவு, தூரத்தைக் காட்டுவது மைலிலா கிலோமீட்டரிலா என்பன போன்ற தேர்வுகளுக்கு நடுவே ‘பேட்டரி டைப்’ என்று ஒரு வரி இருப்பதைக் கண்டிருப்பார்கள். அந்த வரியை அழுத்தினால் ஆல்கலைன், லித்தியம், நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு என்று மூன்று பெயர்கள் விரியும். சில மாதிரிகளில், முன்கூட்டியே சார்ஜ் ஏற்றி விற்கப்படும் நிக்கல் பேட்டரிக்கென்று நான்காவதாக ஒரு பெயரும் இருக்கும். கருவி வாங்கிய நாளில் அவற்றுள் எது தேர்வாகியிருந்ததோ அதுவே கருவி பழுதாகும் நாள் வரையில் இருந்துவிடுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. உள்ளே போடும் பேட்டரி காலத்துக்கும் கடைக்கும் தக்கபடி மாறிக்கொண்டேயிருக்க, அந்த வரி மட்டும் மாறாமல் கிடப்பது அற்ப விஷயம் அன்று என்பதும், கரை கண்ணுக்குத் தெரியாத இடத்தில் அந்தக் கருவியை நம்பி நிற்கும் மனிதனுக்கு அது உயிர் சம்பந்தப்பட்ட விஷயமாகவே ஆகிவிடக்கூடும் என்பதும் என் அபிப்பிராயம்.

கைபேசியிலேயே தேசப்படமும் வழியும் கிடைக்கிற காலத்தில் இத்தகைய தனிக்கருவி யாருக்கு வேண்டும் என்று நகரவாசிகள் கேட்கலாம். பாக் நீரிணையில் வல்லம் செலுத்தும் மீனவருக்கு வேண்டும்; முதுமலையிலும் முண்டந்துறையிலும் கால்நடையாக ரோந்து போகும் வனக்காவலருக்கும், நிலத்தை அளக்கவும் பறவைகளைக் கணக்கெடுக்கவும் போகிறவர்களுக்கும் வேண்டும். ஈரக் கையால் அழுத்தினாலும் கேட்கும் பொத்தான்களும், உச்சி வெயிலிலும் வாசிக்க முடிகிற திரையும், கோபுரத்தின் சமிக்ஞை எட்டாத இடத்திலும் வானத்தை மட்டுமே நம்பி வேலை செய்யும் சுபாவமும் இக்கருவிகளுக்கு உண்டு. இவை எல்லாவற்றையும்விடப் பெரிய குணம் ஒன்று உண்டு. கைபேசியின் பேட்டரி தீர்ந்தால் மின்சாரம் உள்ள இடத்தை நாம் தேடிப் போக வேண்டும்; இதிலோ மூடியைத் திறந்து இரண்டு பென்சில் பேட்டரிகளை மாற்றிவிட்டால் மீண்டும் ஒரு நாள் முழுதும் நடக்கும். கார்மின் நிறுவனம் 2011-இல் வெளியிட்ட ‘இட்ரெக்ஸ் 10’ என்ற சிறு கருவிக்கு இரண்டு பேட்டரிகளில் 25 மணி நேரம் என்று அந்நிறுவனமே கணக்குச் சொன்னது. பெட்டிக்கடையில் கிடைக்கும் பொருளைக் கொண்டு 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களோடு உறவு வைத்துக்கொள்ள முடிகிறது என்பது சாமானிய வசதி அன்று.

முன்னாளில் கரையிலுள்ள குன்றையும் மாதாகோயில் கோபுரத்தையும் ஒரு பக்கத்துக்கும், உயர்ந்த பனைகளை மறுபக்கத்துக்கும் நேர்கோட்டில் வைத்து, அவ்விரு கோடுகளும் வெட்டும் இடத்தில் கடலடிப் பார் இருக்கிறது என்று கண்டுகொண்ட தலைமுறையின் அறிவு, இன்று பெரும்பாலும் இக்கருவிக்குள் புள்ளிகளாகப் பதிந்து கிடக்கிறது. தந்தை கண்ணால் குறித்ததை மகன் கருவியால் குறித்து வைத்திருக்கிறான். மேலும், 1974-லும் 1976-லும் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட ஒப்பந்தங்கள் வகுத்த எல்லைக்கோடு தண்ணீரின் மேல் எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை. இரவில், வலை இறங்கியிருக்கும் நேரத்தில், வாடைக்காற்று படகைத் தள்ளிக்கொண்டு போகும்போது, அந்தக் கோடு எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று சொல்லக்கூடிய சாட்சி அந்தச் சிறு திரை ஒன்றுதான். அந்தச் சாட்சி இன்னும் எத்தனை மணி நேரம் பேசும் என்பதைக் காட்டுவது திரையின் மூலையிலுள்ள பேட்டரிச் சித்திரம். அந்தச் சித்திரம் மெய் சொல்வதும் பொய் சொல்வதும் நான் முதலில் சொன்ன வரியைப் பொறுத்தது.

இதன் காரணத்தை அறிய, பென்சில் பேட்டரி என்று நாம் ஒரே பெயரால் அழைக்கும் பொருளுக்குள் எத்தனை வேறுபாடுகள் அடங்கியுள்ளன என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். குறுக்களவு சுமார் 14.5 மில்லிமீட்டர், நீளம் சுமார் 50.5 மில்லிமீட்டர் என்ற இந்த உருவம் உலகம் முழுவதற்கும் பொதுவானது. ஆனால் உள்ளேயிருக்கும் ரசாயனம் பொதுவானதன்று. 1866-இல் பிரான்சு தேசத்து லெக்லாஞ்சே அமைத்த மின்கலத்தின் வம்சத்தில் வந்த துத்தநாக-கார்பன் பேட்டரிக்கட்டை ஒன்று. அதுவே சுவர்க்கடிகாரத்தில் நாம் போடும் மலிவுக் கட்டை. 1950-களில் அமெரிக்காவின் ஒஹையோ மாகாணத்தில் லூயிஸ் உர்ரி என்ற எஞ்சினியர் உருவாக்கிய ஆல்கலைன் கட்டை இரண்டாவது. மீண்டும் மீண்டும் சார்ஜ் ஏற்றத்தக்க நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு மூன்றாவது. இரும்பு டைசல்பைடும் லித்தியமும் சேர்ந்த, ஒரு முறை மட்டுமே உபயோகிக்கத்தக்க லித்தியம் கட்டை நான்காவது. வெளித்தோற்றத்தில் இவற்றை வேறுபடுத்திக் காட்டுவது மேலே சுற்றிய காகிதத்தின் நிறமும் விளம்பர வாசகமும்தான் என்று எண்ணிவிட வேண்டாம். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்தச் சுற்றின் ஓரத்தைப் பார்த்தால், பொடி எழுத்தில் சர்வதேசக் குறியீடு ஒன்று அச்சாகியிருக்கும்: எல்.ஆர்.6 என்றிருந்தால் ஆல்கலைன், எச்.ஆர்.6 என்றிருந்தால் நிக்கல், எஃப்.ஆர்.6 என்றிருந்தால் லித்தியம். முன்னெழுத்து வேறெதுவும் இல்லாமல் ஆர்.6 என்று மட்டும் இருந்தால் துத்தநாக-கார்பன். குறியீட்டைக் காணாவிட்டாலும், 1.2 வோல்ட் என்று எழுதியிருந்தால் அது சார்ஜ் ஏற்றும் நிக்கல் கட்டை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம்.

இனி, கருவிக்குள் புகுந்த பேட்டரியில் எவ்வளவு மீதமிருக்கிறது என்பதைக் கருவி எவ்வாறு கண்டறிகிறது? உள்ளேயுள்ள ரசாயனத்தைப் பார்க்கும் கண் அதற்கு இல்லை. அதற்குத் தெரிவதெல்லாம் இரு முனைகளுக்கிடையே உள்ள மின்னழுத்தம் ஒன்றே. அந்த ஓர் எண்ணை வைத்துக்கொண்டுதான் முழுமை, முக்கால், பாதி, கால் என்று அது தீர்ப்புச் சொல்ல வேண்டியிருக்கிறது. நாடி பார்க்கும் வைத்தியருக்கு, நாடிக்கு உரியவர் கைக்குழந்தையா வயோதிகரா என்பது தெரிந்தாலொழிய, நிமிஷத்துக்கு நூற்றுப் பத்து என்ற துடிப்பு ஆரோக்கியத்தின் அறிகுறியா ஜுரத்தின் அறிகுறியா என்று நிர்ணயிக்க முடியாது. பேட்டரியின் மின்னழுத்தமும் அவ்வாறே. ஆல்கலைன் கட்டை புதிதாக இருக்கும்போது ஒன்றரை வோல்ட்டுக்குச் சற்று மேலேயே நிற்கும். உபயோகம் தொடங்கிய நிமிஷத்திலிருந்து சரிவில் இறங்குவதுபோல் சீராகக் குறைந்துகொண்டே வந்து, ஒன்றேகால் வோல்ட்டை அடையும்போது ஏறத்தாழப் பாதிச் சக்தியைச் செலவழித்திருக்கும். நிக்கல் கட்டையின் சுபாவம் இதற்கு நேர்மாறு: சார்ஜரிலிருந்து எடுத்தவுடன் 1.4 வோல்ட் இருந்தாலும், விரைவிலேயே ஒன்றேகால் வோல்ட் அளவுக்கு இறங்கி, அங்கேயே நெடுநேரம் ஸ்திரமாக நின்று, கடைசியில்தான் சடுதியாக விழும். லித்தியமோ, புதிதாக இருக்கையில் 1.8 வோல்ட் வரைக்கும் காட்டி, வேலை தொடங்கியதும் ஒன்றரை வோல்ட்டை ஒட்டிய உயரத்தில் தன் ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்து, முன்னறிவிப்பு அதிகம் இல்லாமல் முடிந்துவிடும். ஆகவே ஒன்றேகால் வோல்ட் என்ற ஒரே எண், ஆல்கலைனில் பாதி தீர்ந்த நிலையையும், நிக்கலில் பூரண ஆரோக்கியத்தையும், லித்தியத்தில் அந்திம காலத்தையும் குறிக்கிறது. இம்மூன்றில் எது என்று கருவிக்குச் சொல்ல வேண்டியவர்கள் நாமே. நாம் சொல்லும் இடம் அந்த ஒரு வரிதான்.

நாம் தவறாகச் சொல்லும்போது விளையும் தவறுகளும் ஒரே தரத்தவை அல்ல. உள்ளே நிக்கல் கட்டையைப் போட்டுவிட்டு அமைப்பை ஆல்கலைனில் விட்டிருப்பவர், புறப்பட்டுச் சிறிது நேரத்துக்குள் பேட்டரி பாதி தீர்ந்துவிட்டதாகக் காண்பார். கட்டையில் தாராளமாகச் சக்தி இருக்கும்போதே, குறைந்துவிட்டது என்ற எச்சரிக்கை வந்துவிடும். இதில் ஆபத்து இல்லை. ஆனால் சார்ஜ் ஏற்றும் கட்டை ஒன்றுக்கும் உதவாது என்ற அபவாதம் இப்படித்தான் நாடெங்கும் பரவியிருக்கிறது என்று நான் நினைக்கிறேன். நல்ல கட்டையைக் குறை கூறிவிட்டு, மறுபடியும் மறுபடியும் எறிந்துவிடும் கட்டைகளையே வாங்கும்படி மக்களை அது செய்திருக்கிறது.

லித்தியத்தைப் போட்டுவிட்டு ஆல்கலைன் என்று சொல்லியிருப்பவருடைய நிலைமை வேறு. மணிக்கணக்காகப் பேட்டரி நிறைந்திருப்பதாகவே திரை சொல்லிக்கொண்டிருக்கும். எச்சரிக்கை வரும்போது, அதைப் பார்த்து ஆயத்தம் செய்துகொள்ளும் அவகாசமே இல்லாமல் கருவி அணைந்துவிடும். லித்தியம் என்று சரியாகவே சொல்லியிருந்தாலும் அதன் சமதளமான சுபாவத்தால் அளவு துல்லியமாக இராது. ஆகையால் லித்தியத்தை உபயோகிப்பவர்கள் சித்திரத்தை மட்டும் நம்பாமல், எத்தனை மணி நேரம் ஓடியது என்ற கணக்கையும் மனத்தில் வைத்துக்கொள்வது உத்தமம்.

இவ்விரண்டைக் காட்டிலும் அதிகமாக நான் அஞ்சுவது மூன்றாவது தவற்றை. வீட்டில் சார்ஜ் ஏற்றிய நிக்கல் கட்டைகளோடும், அதற்கேற்ற சரியான அமைப்போடும் ஒருவர் புறப்படுகிறார். வழியில் அவை தீர்ந்துபோகின்றன. அல்லது சார்ஜ் ஏற்ற மறந்துவிட்டதால் துறைமுகத்துக் கடையில் இரண்டு ஆல்கலைன் கட்டைகளை வாங்கி, நின்ற நிலையிலேயே மாற்றிக்கொண்டு போகிறார். அமைப்பு நிக்கலிலேயே நிற்கிறது. ஆல்கலைன் ஒன்றேகால் வோல்ட்டுக்கு இறங்கி, பாதிச் சக்தியை இழந்த பின்னும், நிக்கலின் கணக்குப்படி அது நிறைந்த பேட்டரி. ஆகவே திரையும் நிறைந்திருப்பதாகவே சொல்கிறது. மனிதர் நிம்மதியாக இருக்கிறார். பின்னேரத்தில் அளவு இறங்கத் தொடங்கும்போது, அவர் நினைத்திருந்ததில் மிகச் சிறு பகுதியே மிச்சமிருக்கிறது. முதலில் சரியாக அமைத்தவர் என்ற காரணத்தினாலேயே இவர் இரண்டாம் முறை பார்ப்பதில்லை. அமைப்பைச் சரிபார்க்க வேண்டிய நேரம் கருவி வாங்கிய நாள் அல்ல. கட்டை மாற்றும் ஒவ்வொரு தடவையுமே அதற்குரிய நேரம் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

பெரும்பாலான கருவிகளில் இந்த அமைப்பு கட்டையின் சக்தியைக் கூட்டுவதும் இல்லை, குறைப்பதும் இல்லை. அளவை வாசிக்கும் முறையையும் எச்சரிக்கை வரும் கணத்தையும்தான் மாற்றுகிறது. இதை அறிந்த சிலர், அப்படியானால் உபரியாக ஒரு ஜோடிக் கட்டை பையில் இருந்தால் போதுமே, அளவு சரியாக இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்று வாதிக்கிறார்கள். உபரி ஜோடி அவசியம் என்பதில் எனக்கு அவர்களோடு வேற்றுமை இல்லை. ஆனால் கட்டை மாற்றுவது எந்த இடத்தில், எந்த நேரத்தில் என்பதை நாம் தீர்மானிக்கிறோமா, கருவி தீர்மானிக்கிறதா என்பதே கேள்வி. கருவியின் முதுகிலுள்ள வளையத்தைத் தூக்கிக் கால் வட்டம் திருப்பினால் மூடி கழலும். மூடியின் விளிம்பைச் சுற்றி மெல்லிய ரப்பர் பட்டை ஒன்று, தண்ணீர் புகாதபடி காவல் இருக்கும். அதற்குள்ளே கட்டைகள் இரண்டு, ஒன்று மேல்நோக்கியும் மற்றொன்று கீழ்நோக்கியும், சிறு ஸ்பிரிங்குகளின் மேல் அழுந்திக் கிடக்கும். மூடி திறந்திருக்கும் அந்த அரை நிமிஷத்தில் கருவிக்குக் கவசம் இல்லை. அலை தெறிக்கும் வல்லத்திலோ, மழை கொட்டும் சோலைக்காட்டிலோ, இருட்டில், குளிரில் விறைத்த விரல்களால் அதைத் திறப்பதற்கும், கரையிலோ மரத்தடியிலோ உலர்ந்த துணியால் கையைத் துடைத்துக்கொண்டு திறப்பதற்கும் எவ்வளவு வித்தியாசம்! ரப்பர் பட்டையில் ஒட்டிய ஒரு மணற்பரல் போதும், அடுத்த அலையின் உப்புநீரை உள்ளே விடுவதற்கு. சரியான அளவைக் காட்டும் கருவியை வைத்திருப்பவர், உலர்ந்த வேளையைத் தேர்ந்துகொள்ளும் சுதந்திரத்தைப் பெறுகிறார்.

அணைந்த கருவி மறுபடி உயிர்பெற்றதும் உடனே இடத்தைச் சொல்லிவிடும் என்ற நம்பிக்கையும் எப்போதும் செல்லாது. செயற்கைக்கோள் ஒவ்வொன்றும் தன் பாதையைப் பற்றிய துல்லியமான தகவலை முப்பது விநாடிக்கு ஒரு முறை ஒலிபரப்புகிறது. அந்தத் தகவல் சில மணி நேரத்துக்கே செல்லும். சற்று முன்புவரை ஓடிக்கொண்டிருந்த கருவி விரைவில் தேறிவிடும். நெடுநேரம் அணைந்து கிடந்ததோ வானத்தை மறுபடியும் துழாவ வேண்டியிருக்கும். அடர்ந்த மரநிழலில் இது இன்னும் தாமதிக்கும். நீரோட்டம் அதுவரையில் படகுக்காகக் காத்திருப்பதில்லை.

சமீப காலத்தில் வந்துள்ள வேறொரு வகைக் கட்டையைப் பற்றியும் இங்கே எச்சரித்தாக வேண்டும். கைபேசியின் கம்பியை நேரே செருகிச் சார்ஜ் ஏற்றத்தக்க, பென்சில் உருவமுள்ள லித்தியம்-அயான் கட்டைகள் இப்போது கடைகளில் கிடைக்கின்றன. அவற்றின் உள்ளே ஒரு சிறு மின்சுற்று அமர்ந்து, உள்ளிருக்கும் உயர்ந்த மின்னழுத்தத்தைக் குறைத்து, எப்போதும் ஒன்றரை வோல்ட்டையே வெளியே தருகிறது. மாறாத மின்னழுத்தம் விளக்குக்கும் பொம்மைக்கும் நல்லதாக இருக்கலாம். மின்னழுத்தத்தை வைத்தே மீதத்தை ஊகிக்கும் கருவிக்கோ அது முழு இருட்டு. பட்டியலில் எதைத் தேர்ந்தாலும் கருவி கடைசிவரை நிறைந்திருப்பதாகவே சொல்லி, ஒரு கணத்தில் அணைந்துவிடும். கடலுக்கும் காட்டுக்கும் இவற்றை முதன்மையாக நம்பிப் போகக் கூடாது என்பது என் தீர்மானமான கருத்து. இவற்றைவிட அபாயகரமானது, அந்த மின்சுற்றும் இல்லாமல், அதே பென்சில் உருவத்தில் 3.7 வோல்ட் தரும் 14500 என்ற எண்ணுள்ள கட்டை. பட்டியலில் லித்தியம் என்று இருப்பது இதைக் குறிப்பதாக எண்ணி இரண்டைப் போட்டால், மூன்று வோல்ட்டுக்காக அமைந்த கருவிக்குள் ஏழு வோல்ட்டுக்கும் மேல் பாய்ந்து கருவி கெட்டுப்போகலாம்.

மலைக்குப் போகிறவர்கள் குளிரையும் கணக்கில் சேர்க்க வேண்டும். நீலகிரியின் மேற்குச் சரிவுப் புல்வெளிகளில் மார்கழி, தை மாதத்து இரவுகளில் உறைபனி விழுவது யாவரும் அறிந்தது. இமயத்தில் ஏறுகிறவர்களுக்கு அதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆல்கலைனுக்குள் இருப்பது தண்ணீரில் கரைந்த காரம். குளிரில் அதன் ரசாயன வேலை மந்தமாகி, மின்னழுத்தம் இறங்கி, உள்ளதைக் காட்டிலும் குறைவாகவே அளவு காட்டும். அப்படி ‘தீர்ந்துபோன’ கட்டையை எறிந்துவிடாமல், சட்டையின் உட்பையில் வைத்து உடம்பின் உஷ்ணத்தில் சிறிது நேரம் வைத்திருந்தால் மறுபடியும் வேலை செய்வதைக் காணலாம். லித்தியம் கட்டைக்குள் தண்ணீர் இல்லை. பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரி வரை அது வேலை செய்யும் என்று உற்பத்தியாளர்கள் உறுதி கூறுகிறார்கள். ஆல்கலைன் கட்டை சுமார் 23 கிராம் என்றால் லித்தியம் 15 கிராம்தான். ஆண்டுக்கணக்கில் பையில் கிடந்தாலும் சக்தி கெடாது. இவ்வளவு குணங்கள் இருந்தும் அதன் விலை, தினந்தோறும் உபயோகிக்க நம்மில் பலருக்குக் கட்டாது.

ஆகவே எதை வாங்குவது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இது. அன்றாட வேலைக்கு நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு. அதிலும், சும்மா கிடக்கும்போது சக்தி வடிந்துபோகாத புதிய வகை. பழைய நிக்கல் கட்டைகள் ஒரு மாதம் அலமாரியில் கிடந்தாலே கணிசமான பகுதியை இழந்துவிடும். ஜப்பானின் சான்யோ நிறுவனம் 2005-இல் ‘எனிலூப்’ என்ற பெயரில் வெளியிட்ட வகையும் அதைப் பின்பற்றி வந்தவையும் ஓர் ஆண்டுக்குப் பின்னும் பெரும்பகுதியைக் காப்பாற்றி வைத்திருக்கின்றன. வாரத்தில் மூன்று முறை கடலுக்குப் போய், ஒவ்வொரு முறையும் ஒரு ஜோடியைத் தீர்க்கிறவர், கிழக்குக் கடற்கரையில் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் போக, வருஷத்துக்கு இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்ட கட்டைகளை எறிந்தாக வேண்டும். அவற்றில் பல கடலிலேயே போய் விழும் என்பதை ஒளிப்பதில் பயனில்லை. நூற்றுக்கணக்கான தடவை சார்ஜ் ஏற்றத்தக்க இரண்டு ஜோடிகளும் ஒரு நல்ல சார்ஜரும் அந்தச் செலவையும் அந்தக் குப்பையையும் ஒருங்கே ஒழித்துவிடும். உபரியாக, உறை பிரிக்காத ஒரு ஜோடி லித்தியம், தண்ணீர் புகாத சிறு டப்பாவில். ஆல்கலைன், இவ்விரண்டும் இல்லாத வேளைக்கு. துத்தநாக-கார்பன் கட்டை சுவர்க்கடிகாரத்தோடு நிற்கட்டும்.

எந்தக் கட்டை உள்ளே இருக்கிறது என்றே தெரியாத, இரவல் வாங்கிய கருவியோடு புறப்பட நேர்ந்தால் என்ன செய்வது என்ற கேள்வியும் வரும். மூடியைத் திறந்து பார்ப்பதே முறை. அதற்கும் வழியில்லையென்றால் ஆல்கலைன் என்றே வைத்துக்கொள்ளலாம். உள்ளே இருப்பது நிக்கலாக இருந்தால் கருவி அவசரப்பட்டு எச்சரிக்குமேயன்றித் தாமதித்து ஏமாற்றாது. அதே சமயம், பழையதும் புதியதுமாக, அல்லது ஒரு வகையும் மற்றொரு வகையுமாக, இரண்டு கட்டைகளைக் கலந்து போட்டவருக்கு எந்த அமைப்பும் உதவாது. பலவீனமான கட்டை முதலில் தீர்ந்து, பலமான கட்டை அதன் வழியே வலிந்து செலுத்தும் மின்சாரத்தால் அதன் முனைகள் தலைகீழாகி, அது கெட்டுவிடும். ஒரு ஜோடியாக வாங்கியவற்றை ஒரு ஜோடியாகவே சார்ஜ் ஏற்றி, ஒரு ஜோடியாகவே உபயோகிக்க வேண்டும். கட்டையின் மேலுறையில் மையால் ஓர் எண்ணை எழுதி வைத்தால் குழப்பம் வராது.

அலுவலகங்களில் நடப்பதைப் பற்றிச் சொல்லும்போது எனக்கு வருத்தம் மேலிடுகிறது. ஏதேனும் ஒரு கணக்கெடுப்புக்காகக் கருவிகள் வாங்கப்படுகின்றன. வேலை முடிந்ததும் ஆல்கலைன் கட்டைகள் உள்ளேயிருக்க, அப்படியே அலமாரியில் பூட்டப்படுகின்றன. அடுத்த கணக்கெடுப்புக்கு எடுக்கும்போது கட்டையிலிருந்து கசிந்த பொட்டாசியம் ஹைட்ராக்ஸைடு ஸ்பிரிங்கை அரித்து, வெள்ளையும் பச்சையுமாகப் பூத்துக் கிடக்கிறது. கருவி கெட்டுவிட்டது என்று குறிப்பு எழுதப்படுகிறது. குறை கருவியுடையது அன்று; வைக்கும்போது இரண்டு கட்டைகளை வெளியே எடுத்து வைக்கச் சொல்ல ஆள் இல்லாமற் போனதுதான். ஆயிரக்கணக்கான ரூபாய் மதிப்புள்ள சாதனத்தைக் கொடுக்கும் இடத்தில், அதை நடத்தும் முறையைச் சொல்லிக் கொடுக்க அரை மணி நேரம் ஒதுக்காத நிர்வாகம் சிக்கனமான நிர்வாகம் ஆகாது.

கருவி செய்கிறவர்களிடமும் ஒரு கோரிக்கை உண்டு. கட்டையை மாற்றியபின் கருவி மறுபடி விழிக்கும்போது, உள்ளே இப்போது எந்த வகை இருக்கிறது என்று அது தானாகவே ஒரு கேள்வி கேட்டு, பதில் பெற்ற பின்னரே தேசப்படத்தைக் காட்டுமானால், நான் மேலே சொன்ன மூன்றாவது தவறு பெரும்பாலும் ஒழிந்துவிடும். அது செலவு மிக்க காரியமன்று; மென்பொருளில் ஒரு வரி. அந்த நாள் வரும்வரை கடைக்காரர்கள் அந்தக் கேள்வியைக் கேட்கலாம்: கருவியை விற்கும்போதே, சார்ஜ் ஏற்றும் கட்டையா போடப்போகிறீர்கள் என்று விசாரித்து, அமைப்பைக் கடையிலேயே மாற்றிக் காட்டிக் கொடுப்பது அவர்கள் தொழிலுக்கும் கௌரவம்.

நம் மீன்வளத் துறைக்கும் வனத் துறைக்கும் மீனவர் சங்கங்களுக்கும் நான் விண்ணப்பித்துக்கொள்வது இதுவே. கருவியோடு சேர்த்து, இரண்டு ஜோடி நிக்கல் கட்டைகளையும் ஒரு சார்ஜரையும் கொடுங்கள். உள்ளங்கையளவு அட்டை ஒன்றில், கட்டையின் குறியீடு எது, பட்டியலில் அதற்கு நேரான பெயர் எது, கட்டை மாற்றியதும் அழுத்த வேண்டிய பொத்தான்கள் எவை என்பதைப் பெரிய தமிழ் எழுத்தில் அச்சிட்டு, தண்ணீர் படாதபடி உறையிட்டு, கருவியின் கயிற்றிலேயே கட்டிக் கொடுங்கள். உயிரிழந்த கட்டைகளைத் திரும்பப் பெற்றுக்கொள்ள, 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு விதிகள் உற்பத்தியாளர்மீது சுமத்தியிருக்கும் பொறுப்பை நினைவூட்டி, இறங்குதுறைதோறும் ஒரு பெட்டியும் வையுங்கள். அடுத்த தடைக்காலம் முடிந்து படகுகள் கடலில் இறங்கும் ஜூன் மாதத்துக்குள் இதைச் செய்துவிட முடியும்.